கொடுமுடி தந்த குரலரசி கே. பி. சுந்தராம்பாள்



புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் அந்தக் காலத்துத் திடல் படத்தை மறந்தவர் யார்? வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். நாம் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்போம். ‘ஔவையார்’ என்றாலே பெரியவர்களுக்கு நினைவு வரும் முகம் கே. பி. சுந்தராம்பாளுடையது. அந்த அம்மையாரின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

அவர் 1908-இல் கொடுமுடியில் பிறந்தார். வீட்டிலே வறுமை. சிறு வயதில் ரயிலில் பாடிப் பிழைத்தார். அந்தக் குரல்தான் அவரை வேலு நாயர் நாடகக் கம்பெனிக்குக் கொண்டு சேர்த்தது. மேடையேறும் பெண்ணைக் ‘கூத்தாடி’ என்று ஊர் ஏசிய காலம் அது. அதற்கெல்லாம் அஞ்சினாரா? இல்லை!

நாடகத்துக்காக இலங்கை சென்றபோது, 1926-இல், பாட்டிலே புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். மறு ஆண்டு மணந்தார். 1933-இல் கிட்டப்பா 27 வயதில் மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயதுதான். அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் கடைசி வரை மாற்றவில்லை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

அத்தோடு ஒடுங்கிவிட்டாரா? 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடமே போட்டார். கோயிலுக்குள் நுழைய முடியாமல் வாசலில் நின்ற பண்ணையாளின் கதை அது. அதற்கு அவர் பெற்ற சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாட்டும் பாடினார். 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தது. 1950களில் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். ‘துணைவன்’ படப் பாடலுக்காகத் தேசிய விருதும், 1970-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். 1980-இல் மறைந்தார்.

“பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாமலே அவங்க முன்னேறலையா?” என்று சில பிள்ளைகள் கேட்கலாம். தம்பி, தங்கச்சி, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவருக்கு நாடகக் கம்பெனிதான் பள்ளிக்கூடம். மனப்பாடம், உச்சரிப்பு, தாளம், ஒழுங்கு எல்லாம் அங்கேதான் பயின்றார். இன்னொன்றையும் எண்ணுங்கள். அவரைப் போல் ரயிலில் பாடிய பிள்ளைகள் எத்தனை பேர்? கரை சேர்ந்தவர் ஒருவர். மற்றவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

பெற்றோர்களே, “பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு?” என்று ஆறாம் வகுப்போடு நிறுத்திய குடும்பங்கள் நம் லயங்களில் உண்டு. பால் வெட்டப் போன அந்தப் பிள்ளைகளில் எத்தனை குரல், எத்தனை அறிவு, வெளியே வராமலே போயிற்றோ! இனியும் அப்படிப் போகலாமா? ஒரு பிள்ளையின் திறமை வெளிப்பட, யாரோ ஒருவர் ரயிலில் கேட்க வேண்டும் என்று காத்திருக்க முடியாது. அதைத் தேடி எடுக்கத்தான் தமிழ்ப்பள்ளி இருக்கிறது.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளைக் கை தட்டி வாழ்த்துங்கள். பரிசு கிடைக்காத பிள்ளையிடம், வீட்டுக்குப் போனதும், “ஒரு பாட்டுப் பாடு, கேட்போம்” என்று சொல்லுங்கள். வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!