ஒன்றரை ஷிப்டும் ஒரு பந்தும்

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவும் பெருவும் கால்பந்தில் ஒரே பிரிவில் இருந்தன. பெரு 3-1 என்று வென்றது. அந்த இந்திய அணியில் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தரராஜும் இருந்தார்கள். இரு நாட்டு ஆட்டத்துக்கும் நடுவே அன்று மலைக்கும் மடுவுக்குமான தூரம் இல்லை. பத்தே ஆண்டில் பெரு மெக்சிகோ உலகக் கோப்பையின் காலிறுதி வரை போனது. 21 வயது தியோஃபிலோ குபியாஸ் ஐந்து கோல் அடித்து, அந்தப் போட்டியின் சிறந்த இளம் ஆட்டக்காரர் ஆனார். இந்தியாவோ ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. உடல்வாகு, கிரிக்கெட் மோகம், அரசின் அலட்சியம் என்று இதற்குக் காரணம் அடுக்குவது வழக்கம். இந்தக் கேள்வியைத் திருப்பூரில் வைத்துக் கேட்டால் வேறொரு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். உலகக் கோப்பை நெருங்கும்போது வெளிநாட்டு ரசிகர்களுக்கு டீ-சட்டை தைத்து அனுப்பும் ஊர் அது. ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய் அளவில் ஏற்றுமதி நடக்கிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளவயதினர். பணமும் இருக்கிறது, கால்களும் இருக்கின்றன. ஆனால் நாடறிந்த ஒரு கால்பந்து கிளப் அந்த ஊரின் பெயரில் இல்லை. பனியன் தொழில் அமைந்திருக்கும் விதமே இதற்கு முதல் காரணம் என்பது என் வாதம்.

நூலும் பந்தும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. சம்பளத்துக்குப் பந்தாடும் தொழிலே பருத்தி ஆலைகளின் நிழலில் பிறந்ததுதான். இங்கிலாந்தில் 1850-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஜவுளி ஆலைகளை சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மூட வைத்தது. அந்த அரைநாள் லங்காஷயர் நெசவாளிகளுக்கு ஆட்ட நேரமாயிற்று. 1878-ல் டார்வென் என்ற சிறிய ஆலை ஊருக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பெயருக்கு வேலை வேறு, உண்மையான வேலை பந்து. 1883-ல் நெசவாளிகளும் நூற்பாலைக்காரர்களும் அடங்கிய பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, சீமான்களின் பழைய ஈட்டன் மாணவர் அணியை 2-1 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. 1885-ல் சம்பளம் வாங்கி ஆடுவது சட்டபூர்வமானது. 1888-ல் தொடங்கிய லீகின் பன்னிரண்டு கிளப்களில் ஆறு லங்காஷயரைச் சேர்ந்தவை. பெருவிலும் கதை இதேதான். லிமாவுக்குக் கிழக்கே விட்டார்தே என்ற பருத்தி ஆலைக் குடியிருப்பின் பெயரில் ஓர் அணி 1912-ல் நடந்த முதல் பெரு லீகிலேயே ஆடியது. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்திலும் அதே விட்டார்தே முன்னணியில் நின்றது. 1919 ஜனவரியில் அந்த உரிமை சட்டமானது. பந்தும் வேலைநேரமும் ஒரே தெருவில் வளர்ந்தன. நம் நாட்டில் 1996-97-ல் முதல் தேசிய லீகை வென்றது பஞ்சாபின் பக்வாராவில் இருந்த ஜே.சி.டி. ஆலையின் அணி. அந்தப் பருவத்தில் அதிக கோல் அடித்த பாய்ச்சுங் பூட்டியாவுக்கு வயது இருபது. ஒரு ஜவுளி ஆலை ஒரு சிக்கிம் பையனை நாடறியச் செய்தது.

இங்கெல்லாம் பொதுவாக இருப்பது என்ன? ஒரே கூரைக்குக் கீழே ஆயிரக்கணக்கானோர், வருகைப் பதிவேட்டில் பெயர், மாறாத ஷிப்ட் நேரம், ஆடப் போனாலும் வெட்டுப்படாத சம்பளம். ஆட்டக்காரனின் பெயர் ஆலையின் பதிவேட்டில் இருந்தது. அவன் உழைப்பு மைதானத்தில் இருந்தது. இருபது வயதில் முழங்கால் போனாலும் அவனுக்கு அங்கே ஏதோ ஒரு வேலை மிஞ்சும். பெற்றோர் பையனைப் பந்தின் பின்னால் அனுப்பும் துணிவு இந்த உத்தரவாதத்திலிருந்துதான் வருகிறது.

திருப்பூரில் இல்லாதது இந்தப் பதிவேடுதான். 1920-களில் கைமிஷினில் பனியன் பின்னத் தொடங்கிய ஊர், கோவையைப் போலப் பெரிய ஆலைகளாக வளராமல் துண்டு துண்டாக வளர்ந்தது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், பவர்டேபிள் வேறொரு சந்தில், காஜா பட்டன் வைப்பது இன்னொரு வீட்டில். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது; அதன்பின் முதலாளிகள் வேலையை ஜாப்வொர்க்காக இன்னும் சிறிதாகப் பிரித்தார்கள். இந்த அமைப்புதான் நேற்றுத் தைத்தவரை இன்று முதலாளியாக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பீஸ் ரேட்டில் உழைப்பவனுக்கு மைதானத்தில் கழியும் ஒவ்வொரு மணியும் கைக்காசு. காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை நீளும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று ஒரு பெயரே அங்கு உண்டு. லங்காஷயரின் சனிக்கிழமை ஆட்டநாள். திருப்பூரின் சனிக்கிழமை சம்பள நாள். அன்று இரவு கூட்டம் கடைவீதியில் இருக்கும்.

இதை மறுப்பவர்கள் உடனே குமரிக் கடற்கரையைக் காட்டுவார்கள். தூத்தூர், இரவிபுத்தன்துறை போன்ற மீனவ ஊர்களில் பதிவேடும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. கடலின் வரவைப் பங்கு போட்டுத்தான் வாழ்க்கை. ஆனாலும் அங்கிருந்து கால்பந்து ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ் வந்தார். நியாயமான மறுப்புதான். அங்கே ஆலையின் இடத்தைப் பங்குக் கோயிலும் ஊர் கிளப்பும் கடற்கரை மணலும் நிரப்புகின்றன என்பேன். ஆட்டத்தைக் கற்பதற்கு அது போதும். ஆட்டமே பிழைப்பு ஆவதற்கு? தலைமுறை தலைமுறையாகத் தமிழக ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டது ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, காவல்துறை, ராணுவம். தங்கராஜே வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டின் அணியில் இருந்து வந்தவர். அந்த அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. சூசைராஜை ஐ.எஸ்.எல்.லுக்கு அழைத்துப் போனதும் டாடாவின் இரும்பு ஊரான ஜாம்ஷெட்பூரின் கிளப். டாடா அங்கே 1987-லேயே கால்பந்து அகாடமி நடத்தத் தொடங்கிவிட்டது. ஆக, கடற்கரை தந்த காலும் கடைசியில் ஒரு பதிவேட்டைத் தேடித்தான் போயிருக்கிறது.

அப்படியானால் ஆலைகள் நிறைந்த கோவை ஏன் கால்பந்து ஊராகவில்லை என்று கேட்கலாம். பதிவேடு இருந்தால் கால்பந்து வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. எந்த ஆட்டம் வேர்விடும் என்பது தற்செயல். ஏதேனும் ஒரு ஆட்டம் வேர்விட மண் வேண்டும். கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பையைச் சுற்றி வளர்ந்தது கூடைப்பந்து. கிளப்பை விலைக்கு வாங்கலாமே என்பார்கள் சிலர். சென்னை சிட்டி கிளப் கோவைக்குக் குடிபெயர்ந்து, 2018-19 ஐ-லீகை ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே புள்ளி கூடுதலாகப் பெற்று வென்றது. ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி கோலாக அடித்துத் தள்ளினார். 2019-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அதில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. (1973-ல் குபியாஸைப் பெருவிலிருந்து ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனதும் இதே பாசல்தான்!) சில ஆண்டுகளில் அந்த கிளப் தேசிய லீகிலிருந்தே மறைந்துவிட்டது. கிரிக்கெட்டில் காரைக்குடிப் பெயரில் இருந்த டி.என்.பி.எல். அணி ‘திருப்பூர் தமிழன்ஸ்’ ஆகி 2025-ல் கோப்பையும் வென்றது. பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது. ஊரின் தெருக்களிலிருந்து ஆட்டக்காரன் வருவது வேறு கணக்கு.

என் வாதத்துக்கு வலுவான சாட்சி லிமாவிலேயே இருக்கிறது. குபியாஸின் அலியான்சா லிமா கிளப் லா விக்டோரியா என்ற உழைப்பாளிகள் பகுதியைச் சேர்ந்தது. அதன் பழைய ஆட்டக்காரர்களில் கொத்தனார்களும் ஆலைத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அதே லா விக்டோரியாவில் பிற்பாடு, ஆண்டீஸ் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களின் உழைப்பால் கமாரா என்ற ஆடைச் சந்தை எழுந்தது. மாடிக்கு மாடி சிறு பட்டறைகள், தையல் ஒருவர், பொத்தான் ஒருவர்: திருப்பூர்க்காரருக்கு வழி கேட்காமலே புரியும் இடம். 36 ஆண்டுகளுக்குப் பின் பெரு 2018 உலகக் கோப்பைக்குப் போனபோது, சிவப்புப் பட்டை போட்ட சட்டைகளைக் கமாரா ஓயாமல் தைத்தது. அலியான்சாவுக்கு இணையாக ஒரு கிளப்பை மட்டும் அது தரவில்லை. மக்களுக்குப் பந்தின்மேல் வெறி குறையாத நாடு, அதே பகுதி. மாறியது வேலை நடக்கும் முறை ஒன்றுதான்.

இன்று திருப்பூரின் பெரிய ஏற்றுமதி கம்பெனிகளில் பதிவேடும் பி.எஃப்.பும் விடுதியும் வந்துவிட்டன, இனி நிலைமை மாறாதா என்பது கடைசிக் கேள்வி. மாறலாம். ஆனால் அந்த விடுதிகளில் இருப்பவர்களைக் கவனிக்க வேண்டும்: தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளம்பெண்களே அங்கே மிகுதி. தமிழகப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசியக் கால்பந்துப் பட்டம் வென்றவர்கள். மதுரையின் சேது கிளப் 2019-ல் இந்தியப் பெண்கள் லீகையே வென்றது. திருப்பூரில் ஒரு கம்பெனி அணி பிறப்பதானால் அது பெண்கள் அணியாகப் பிறப்பதற்கே வாய்ப்பு அதிகம். இந்திய அணிக்கு ஆடும் கடலூர் இந்துமதி கதிரேசனின் பெயரும் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அவர் தமிழகக் காவல்துறையின் உதவி ஆய்வாளர்.