சண்டைக்குப் போகாத சிப்பாய்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இதற்கான வேலை காத்திருக்கலாம்.

மூன்று மாதத்துக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ராசிபுரம் பக்கத்துக் கிராமம். கையில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால், கறுத்துப்போன ஒரு வட்டப் பதக்கம்.

"சார், எங்க அம்மாவைப் பெத்த அப்பாருதுங்க இது. பட்டாளத்துல போய் செத்துப்போனாரு. எங்கே பொதைச்சாங்கன்னு தெரியாது. அம்மாவுக்கு வயசு எண்பத்தி மூணு ஆச்சு. கண்ணு மூடறதுக்குள்ள அந்த எடத்தைப் பாக்கோணும்கறாங்க."

அவர் இறந்தபோது அந்த அம்மாவுக்கு மூன்று வயது. இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்ததாம். யாரோ படித்துச் சொன்னார்கள். கடிதம் பிறகு கரையானுக்குப் போனது. ஊரில் சிலர், "சண்டைக்கே போகாதவன் எப்படிச் சாவான்? எங்கியோ வேற குடும்பம் வெச்சுட்டான்" என்று பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் அவர் மனைவி கடைசிவரை வாழ்ந்திருக்கிறார்.

பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் இந்தியாவின் வரைபடம். மேலே 'இந்தியா', கீழே 'மெடல் 1939-45' என்று ஆங்கிலத்தில் இருந்தது. இது 'இந்தியா சர்வீஸ் மெடல்'. போர்முனைக்குப் போகாமல் நாட்டுக்குள்ளேயே மூன்று ஆண்டு பணியாற்றிய இந்தியப் படையினருக்குத் தரப்பட்டது. ஊர் சொன்னதில் பாதி உண்மை. அவர் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் சிப்பாய்தான்.

இரண்டாம் உலகப் போர் முடியும்போது இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். எல்லோரும் துப்பாக்கியோடு முன்னால் நிற்கவில்லை. லாரி ஓட்ட, ரேஷன் மூட்டை ஏற்றி இறக்க, துறைமுகத்தையும் வெடிமருந்துக் கிடங்கையும் காவல் காக்க, சாலை போட ஆள் வேண்டும். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் ஏராளமானோர் இந்த வேலையில்தான் இருந்தார்கள். இவர்களைக் கொன்றது பெரும்பாலும் குண்டல்ல. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, லாரி விபத்து.

பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஒரு எண், ஒரு பெயர், 'ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.' என்ற எழுத்துகள். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், அதாவது உணவும் வாகனமும் பார்த்த பிரிவு. விடுதலைக்குப் பிறகு அதுவே ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ் ஆனது.

அடுத்து கல்லறை. எனக்குத் தெரிந்தது சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டம்தான். ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது மாணவரும் நானும் அங்கே போனோம். புல்வெளியில் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். இரண்டாம் போரின் 856 பேர் அங்கே இருக்கிறார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் பல கல்லறைத் தோட்டங்களில் சிதறிக் கிடந்தவர்களைப் பிற்பாடு ஒன்றுசேர்த்த இடம் அது. பின்புறம் முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். வெயிலில் வரிசை வரிசையாகப் படித்தோம். அவர் இல்லை. மாணவர் முகம் வாடிப்போனது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. அவர் எரியூட்டப்பட்டிருந்தால் கல்லறை ஏது? நாம் தேட வேண்டியது கல்லை அல்ல, பெயரை.

1917-ல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம், இரண்டு போர்களிலும் இறந்தவர்களின் பெயர்ப் பதிவை இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை. என் பேரன் உட்கார்ந்து தேடினான். இன்றைய எழுத்துக்கூட்டலில் போட்டால் ஒன்றும் வரவில்லை. அன்றைய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பாரே என்று எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டோம். மூன்றாம் நாள் இரவு கிடைத்தது. அதே எண். சிப்பாய். 1945. தகப்பனார் பெயர், மனைவி பெயர், சிதைந்த எழுத்தில் ஊர்ப் பெயர், சேலம் மாவட்டம்.

நினைவிடம்: 'டில்லி/கராச்சி 1939-1945 போர் நினைவுச் சின்னம்'. போர்முனை அல்லாத பகுதிகளில் பணியில் இறந்த, பிரிக்கப்படாத இந்தியாவின் 25,000க்கும் மேற்பட்ட படைவீரர்களுக்கானது. நாடு இரண்டானதால் டில்லியில் ஒன்று, கராச்சியில் ஒன்று. டில்லியில் இருப்பது கன்டோன்மென்ட் பகுதிப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள். நம் ஊர்ச் சிப்பாயின் நினைவு இரண்டு நாடுகளில் இருக்கிறது. ஊருக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் அந்த அம்மாவிடம் போய்ப் படித்துக் காட்டினேன். மனைவி பெயர் வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கம்மா பேரு டில்லி வரைக்கும் போயிருக்குதுங்களா வாத்தியாரய்யா?"

"ஆமாங்க ஆத்தா. இன்னார் புருஷன்னுதான் எழுதியிருக்குது."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பதக்கத்தை வாங்கி முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். வேறு குடும்பம் என்று பேசியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அந்தப் பேச்சைச் சுமந்த அவர் அம்மாவும் இல்லை.

எந்த ஊரில் இறந்தார், என்ன நோய் என்பதைப் பணிப்பதிவேடுதான் சொல்ல வேண்டும். அதற்கு எண்ணைக் குறிப்பிட்டு அந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர் இருந்தால், நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்:

1. முதலில் எண்ணைத் தேடுங்கள். பதக்க விளிம்பு, பழைய மணியார்டர் துண்டு, கடித உறை எதிலும் இருக்கலாம். பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து போய்விடும்.

2. மாவட்டப் பெயரில் ஏமாறாதீர்கள். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997-ல்தான். அதற்கு முன் சேலம். நாமக்கல் தாலுகா 1910 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் போனவரைத் திருச்சியிலும் தேடுங்கள்.

3. ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். எண், தகப்பனார் பெயர், ஊர் மூன்றும் பொருந்தினால்தான் நம்மவர்.

4. சண்டை முடிந்தபின் இறந்தார் என்று விட்டுவிடாதீர்கள். பணியில் இருந்தபடி 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்கள் முதல் போர்க் கணக்கிலும், 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் இரண்டாம் போர்க் கணக்கிலும் சேர்வார்கள்.

5. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். வழி தெரியாவிட்டால் சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். பதிவேடு காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

மாணவர் தன் அம்மாவை டில்லிக்குக் கூட்டிப் போக ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட வரச் சொல்கிறார். முழங்கால் வலி இருக்கிறது. ஆனாலும் போகத்தான் போகிறேன்.