பாராதைராய்டு அறுவைக்குப் பிந்தைய நோயறிதல்

தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும், அரிசிமணி அளவே உள்ள நான்கு சுரப்பிகள் பாராதைராய்டு. இவற்றில் ஒன்று கட்டியாகப் பெருத்து இரத்தக் கால்சியத்தை ஏற்றிவிட்டால் அறுவை செய்து அகற்றுகிறார்கள். பிறகு வரும் கால்சியக் குறைவுக்குக் காரணம் காண்பதுதான் பெரும்பாடு.

மேலைநாடுகளில் இந்நோய் பெரும்பாலும் வழக்கமான இரத்தப் பரிசோதனையிலேயே பிடிபடுகிறது. இந்தியாவில் எலும்பு வலி, முறிவு, சிறுநீரகக் கல் என்று முற்றிய பிறகு வருபவர்கள் நிறைய. வைட்டமின் டி குறைவும் சேர்ந்திருக்கும். அறுவைக்குப் பின் பாராதைராய்டு ஹார்மோன் சட்டென இறங்கியதும், காய்ந்துகிடந்த எலும்புகள் கால்சியத்தை உறிஞ்சத் தொடங்குகின்றன. பெரும்பாலும் 2 முதல் 4 நாட்களுக்குள் இரத்தக் கால்சிய அளவு அடிமட்டத்துக்கு வரும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல்நுனியில் குறுகுறுப்பு. இரத்த அழுத்தப் பட்டையை 3 நிமிடம் இறுக்கி வைத்தால் மணிக்கட்டு மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் இழுத்துக்கொள்ளும்.

மிச்சச் சுரப்பிகள் செயலிழந்தாலும் இதே அறிகுறிகள்தான். வேறுபாட்டைப் பாஸ்பரஸ் காட்டும்: எலும்பு உறிஞ்சினால் அது குறையும், ஆல்கலைன் பாஸ்படேஸ் உயர்ந்திருக்கும், சுரப்பி ஓய்ந்தால் பாஸ்பரஸ் ஏறும், ஹார்மோன் தாழும். மக்னீசியத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அது குறைந்திருந்தால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் நிற்காது. முடி உதிராமலிருக்க விழுங்கும் பயோட்டின் மாத்திரைகூடச் சில பரிசோதனை முறைகளில் ஹார்மோன் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடும்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் வீடு திரும்பிய ஒருவருக்கு மூன்றாம் நாள் இரவு கை இழுத்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, அறுவைக்கு முந்தைய இரத்த அறிக்கைகளோடு உடனே போக வேண்டும். பழைய எண்களோடு ஒப்பிட்டால் காரணத்தைக் கண்டறிவது மருத்துவருக்கு எளிதாகும்.

கால்சியம் சரியாக இருந்து ஹார்மோன் மட்டும் உயர்ந்திருந்தால் அறுவை தோற்றது என்று பொருளல்ல. வைட்டமின் டி, சிறுநீரகம் இரண்டையும் முதலில் ஆராய வேண்டும். 6 மாதத்துக்குள் கால்சியம் மீண்டும் உயர்ந்தால் நோய் தீரவில்லை. 6 மாதம் இயல்பாக இருந்து பிறகு உயர்ந்தால் திரும்பி வந்திருக்கிறது. ஸ்கேன் கட்டியின் இடத்தைத்தான் காட்டும்; நோயை உறுதிசெய்வது இரத்தமே. இடம் தெரியாவிட்டால் தேடல் நீளும்: அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெலுக்குக் கழுத்தைப் பலமுறை திறந்தும் கிடைக்காத கட்டி, 1932இல் ஏழாவது அறுவையில் மார்புக்குள் கிடைத்தது.