மூன்று ஏக்கர் ஸ்ட்ராபெரி

கேமரன் மலைக்குச் சென்று திரும்பும் நம்மவர் பலருக்கு ஸ்ட்ராபெரி என்பது விடுமுறையோடும் குளிர்காற்றோடும் சேர்ந்து நினைவுக்கு வரும் பழம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அதுவே ஒரு காலத்தில் நிலமற்றவர்களின் பயிராக விளங்கியது. அம்மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவை அடுத்துள்ள ஃபுளோரின் என்னும் சிற்றூரின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானியத் தொழிலாளர் அவ்வூருக்கு வரத் தொடங்கினர். அங்கு மேல்மண் ஆழமற்றது. அதன்கீழ்ப் பாறைபோல் இறுகிய அடுக்கு உண்டு. நில உரிமையாளர்கள் அம்மண்ணில் டோக்கே என்னும் திராட்சையை வளர்க்க விரும்பினர். ஆனால், திராட்சைக்கொடி காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். அதுவரை வரிசைகளுக்கு இடையே கிடக்கும் வெற்றிடத்தில் குத்தகையாளர் ஸ்ட்ராபெரி நட்டனர். அதன் வேர் ஆழம் செல்லாது. நட்ட மறு ஆண்டிலேயே பலன் தரும். பெருமுதல் தேவையில்லை, ஆனால் உழைப்பு மிகுதியும் தேவை. களையெடுத்தல், ஓடுதண்டுகளை நறுக்குதல், நீர் பாய்ச்சுதல், பழுத்ததைக் கசங்காமல் பறித்துக் கூடையிலிடல் என்று ஓய்வின்றி வேலையிருக்கும். குனிந்த முதுகு நிமிராத வேலை அது. குடும்பம் முழுவதும் வயலில் இறங்கினாலன்றி அது கட்டுப்படியாகாது. 1910ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவின் ஸ்ட்ராபெரியில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது விழுக்காடு ஜப்பானியர் வளர்த்ததே எனக் கணக்கிட்டுள்ளனர்.

இவ்வெற்றி பலர் கண்ணை உறுத்தியது. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி ஜப்பானில் பிறந்தோர் குடியுரிமை பெறவே இயலாது. அதனைப் பிடித்துக்கொண்டு 1913ஆம் ஆண்டில் கலிபோர்னியா ஒரு நிலச்சட்டம் இயற்றியது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் விளைநிலம் வாங்கலாகாது. மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் எடுக்கலாகாது என்பது அதன் சாரம். ஜப்பானியர் என்ற சொல் சட்டத்தில் இல்லை. இருப்பினும் அது யாரை நோக்கி எழுதப்பட்டது என்பதை அறியாதார் எவருமிலர். மூன்றே ஆண்டு உரிமையை நம்பி எவன் பழமரம் நடுவான்? ஸ்ட்ராபெரிக்கோ அக்கால அளவு போதும். இதனை எண்ணும்போது, அப்பழத்தின்மேல் அம்மக்கள் கொண்ட பற்று வெறும் விருப்பத்தால் வந்ததன்று எனக் கருத இடமுண்டு. சட்டம் விட்டுவைத்த இடைவெளியில் முளைக்கவல்ல பயிர்களுள் அது ஒன்று.

1920ஆம் ஆண்டில் அந்த இடைவெளியும் அடைக்கப்பட்டது. அயலார் குத்தகைக்கு எடுப்பதே தடைசெய்யப்பட்டது. ஆயினும், அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்கள். ஆகவே பிள்ளைகளின் பெயரில் நிலம் பதிவாயிற்று. தந்தை உழுதான், பத்திரத்தில் மகன் பெயர் இருந்தது.

பள்ளியிலும் இதே பிரிவினை புகுந்தது. 1923ஆம் ஆண்டில் ஃபுளோரினில் ஜப்பானியப் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி ஒதுக்கினர். ஒரே சிற்றூர், ஒரே பாடத்திட்டம், இரண்டு பள்ளிகள்! ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இச்செய்தி நெஞ்சில் தைக்கும். ஸ்ட்ராபெரி பயிரிட்ட குடும்பத்தில் வளர்ந்த மேரி சுகமோட்டோ என்பவர் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது பேச்சுப்போட்டி ஒன்றிற்குத் தகுதி பெற்றும், ஜப்பானிய வழியினர் என்ற காரணத்தால் விலக்கப்பட்டார். அவர் கல்லூரிக்குச் செல்ல வழிசெய்தவர் அவருடைய ஆசிரியை ஒருவரே.

1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 19ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின்படி, மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வழியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். ஃபுளோரின் மக்களுக்கு மே மாதத்தில் வெளியேற்றம் வந்தது. ஸ்ட்ராபெரி பழுத்து நிற்கும் காலமும் அதுவே.

அம்மாதம் டோரதியா லாங் என்னும் புகைப்படக் கலைஞர் அரசின் சார்பில் அங்கு வந்து எடுத்த படமொன்று இன்றும் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. ஸ்ட்ராபெரி வயலில் ஒரு தாயும், படைவீரன் உடையில் அவருடைய மகனும். தாய்க்கு வயது 53. ஜப்பானிலிருந்து வந்து 37 ஆண்டுகள். கணவர் இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆறு பிள்ளைகளைத் தனியே வளர்த்த அவர், ஸ்ட்ராபெரிக் கூடை செய்யும் தொழிற்சாலையில் முந்திய ஆண்டுவரை வேலை செய்தவர். இனி அம்மா பிறரிடம் கூலிக்குப் போகவேண்டா என்று பிள்ளைகள் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்திருந்தனர். அப்பிள்ளைகளுள் இருவர் அமெரிக்கப் படையில் தாமாகவே சேர்ந்தவர்கள். படத்திலுள்ள மகன், முகாமுக்குப் புறப்படும் குடும்பத்திற்கு உதவ விடுப்பில் வந்திருந்தான். லாங் எடுத்த இத்தகைய படங்களைப் போர்க்காலம் முழுவதும் படைத்துறை வெளிவராமல் வைத்திருந்ததில் வியப்பில்லை.

புறப்படும் நாள்வரை பயிரைப் பேணவேண்டும், அழிப்பது நாசவேலையாகக் கருதப்படும் என்று அதிகாரிகள் எச்சரித்திருந்தனர். அறுவடைக்குச் சில நாள் தவணை கேட்டு மறுக்கப்பட்ட ஸ்ட்ராபெரி விவசாயி ஒருவர், பயிரை உழுது மண்ணில் புதைத்துவிட்டார். மறுநாளே அவர்மீது நாசவேலைக் குற்றம் சாட்டிச் சிறையிலடைத்தனர்.

ஃபுளோரின் மக்களை ஒருசேரவும் அனுப்பவில்லை. ஒரே ஊரார் வெவ்வேறு முகாம்களுக்குப் பிரிந்தனர். மேரி சுகமோட்டோவின் குடும்பம் ஆர்க்கன்சா மாநிலத்து ஜெரோம் வரை சென்றது. அவ்வூரில் பாப் ஃபிளெட்சர் என்னும் வெள்ளையர், மாநில வேளாண்மை ஆய்வாளர் வேலையை விட்டுவிட்டு மூன்று குடும்பங்களின் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டார். வரியும் கடனும் கட்டினார். இலாபம் முழுவதும் அவருக்கே என்று பேசியிருந்தும், பாதியை எடுத்து வைத்திருந்து 1945இல் திரும்பியோரிடம் கொடுத்தார். அதற்காக அவரைத் தூற்றியவர்களும் உண்டு. அவர் 2013ஆம் ஆண்டு தம் 101ஆம் வயதில் காலமானார். ஆனால் சொந்த நிலம் இருந்தவர்க்கே அத்தகைய காவலர் பயன்பட்டார். குத்தகையாளர் திரும்பி வந்து கேட்பதற்கு என்ன இருந்தது?

ஃபுளோரினின் ஸ்ட்ராபெரி பழைய நிலையை அடையவில்லை. 1945ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் சாஸ்தா, லாசன் முதலிய புதிய வகைகளை வெளியிட்டது. பயிரின் மையம் வாட்சன்வில், சலினாஸ் முதலிய கரையோரப் பள்ளத்தாக்குகளில் நிலைபெற்றது. இன்று அங்குக் குனிந்து பழம் பறிப்போரில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். 1952ஆம் ஆண்டில்தான் ஜப்பானில் பிறந்தோர்க்குக் குடியுரிமை பெறும் வழி திறந்தது. அதே ஆண்டு கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் நிலச்சட்டத்தைச் செல்லாதென்றது. அப்போது அச்சட்டத்திற்கு வயது 39. முதன்முதல் அச்சட்டத்திற்கு உட்பட்டுத் திராட்சை வரிசைகளுக்கிடையே நாற்று நட்டவர்கள், உயிரோடிருந்தால், முதியவர்கள் ஆகியிருந்தார்கள்.