சோறும் பங்கும்: 1928-ஆம் ஆண்டும் கல்கத்தாவின் காது கேளாதோரும்

உடற்குறையுடையோரின் வரலாற்றைப் பள்ளிகள் நிறுவப்பட்ட ஆண்டுகளின் பட்டியலாகவும், அவற்றை நிறுவிய பெருந்தகையோரின் புகழுரையாகவும் எழுதும் வழக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது. அந்தப் பட்டியலைச் சற்றே ஒதுக்கிவைத்து, 1928-ஆம் ஆண்டைச் சேர்ந்த இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்து வாசித்துப் பார்க்கலாம். ஒன்று சட்டம்; மற்றொன்று ஆய்விதழ்க் கட்டுரை. இரண்டும் ஒன்றையொன்று அறியா. ஆயினும், ‘ஆதரவு’ என்னும் சொல்லின் பொருள் என்ன என்ற ஒரே வினாவுக்கு இரண்டும் விடை சொல்கின்றன.

முதலில் சட்டம். பழைய இந்துச் சட்டத்தின்படி, பிறவியிலேயே காது கேளாதவரும், வாய் பேசாதவரும், பார்வையற்றவரும் குடும்பச் சொத்தில் பங்கு பெறத் தகுதியற்றவர். அவரைக் கைவிடலாம் என்று நூல்கள் கூறவில்லை. பங்கைப் பெற்றவர்கள் அவருக்கு ஜீவனாம்சம் அளிக்க வேண்டும் என்றே விதித்தன. சுருங்கச் சொன்னால், சோறு உண்டு, பங்கு இல்லை. 1928-இல் நிறைவேறிய இந்து வாரிசுரிமைத் தடை நீக்கச் சட்டம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. பிறவிப் பித்தும் பிறவி மூளைவளர்ச்சிக் குறையும் தவிர்ந்த பிற குறைகள் இனிப் பங்குரிமைக்குத் தடையாகா என்றது. ஆனால் அதே சட்டம், தாயபாக முறைக்கு உட்பட்டோருக்கு இது பொருந்தாது என்றும் வெளிப்படையாகக் கூறியது. தாயபாகம் என்பது ஜீமூதவாகனரின் நூலைப் பின்பற்றும் வங்காளத்து மரபு. எனவே மிதாட்சர முறையைச் சார்ந்த தமிழகத்தில் பிறவியிலேயே காது கேளாத ஓர் இந்து 1928-இல் பெற்ற உரிமைக்காக, கல்கத்தாவில் அவரைப் போன்றவர் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை, மேலும் 28 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இப்பின்னணியில் கல்கத்தாவின் பள்ளியைப் பார்ப்போம். செவிடர் ஊமையர் பள்ளி என்று அக்கால வழக்கில் பெயரிடப்பட்ட அது 1893-இல் தொடங்கியது. யாமினிநாத் பானர்ஜி, ஸ்ரீநாத் சின்ஹா, மோகினிமோகன் மஜும்தார் ஆகியோர் அதனை உருவாக்கியவர்கள். சிட்டி கல்லூரியின் முதல்வராயிருந்த உமேஷ் சந்திர தத்தர் தொடக்கத்தில் இடம் கொடுத்து உதவினார். பின்னர் அது மேல் சர்க்குலர் சாலையில், இன்றைய ஆச்சார்ய பிரபுல்ல சந்திர சாலையில், நிலைபெற்றது. யாமினிநாத் இங்கிலாந்துக்கும், அங்கிருந்து அமெரிக்காவின் காலடெட் கல்லூரிக்கும் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினார். அரசு கைகாட்டுமுன்னரே நகரத்துக் கல்வியாளர்கள் தாமே முன்வந்து எழுப்பிய நிறுவனம் அது. அவர்களுடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிட எவராலும் இயலாது.

ஆனால் அவர்கள் தேர்ந்த பயிற்றுமுறை சிந்தனைக்குரியது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்குச் சைகையை விலக்கிப் பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அங்கு வாக்களித்தவர்கள் ஏறத்தாழ அனைவருமே காது கேட்பவர்கள். அத்தீர்மானத்தின் அலை கல்கத்தாவையும் எட்டியது. குழந்தை ஆசிரியரின் உதட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். தொண்டையில் விரல் வைத்து அதிர்வை உணர வேண்டும். கண்ணாடி முன் அமர்ந்து அதனைத் தானும் எழுப்ப வேண்டும். தந்தையைக் குறிக்கும் ‘பாபா’வும் தாய்மாமனைக் குறிக்கும் ‘மாமா’வும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு சொல்லைப் பிடிக்க ஒரு வாரம் கழியலாம்; அதற்குள் சொல்ல வந்த செய்தி எப்போதோ கடந்துபோயிருக்கும்.

ஏன் பேச்சின்மீது இத்தனை பற்று? இதற்கு மிலான் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் கருத்து. ‘ஊமை’ என்ற சொல்லே சட்டத்தில் தகுதியின்மையின் பெயராக இருந்த சமூகத்தில், குழந்தையின் வாயிலிருந்து எழும் ஒரு தெளிவான சொல் பெற்றோருக்கு வெறும் மொழிப்பயிற்சியாகத் தோன்றியிருக்காது. அது மனிதர்களின் வரிசையில் இடம் பெறுவதற்கான சான்றிதழாகவே தோன்றியிருக்கும். ஆசிரியர்கள் கொடுமை செய்யவில்லை. தம் காலம் கேட்ட விலையைத் தம் மாணவர்களைக் கொண்டு செலுத்த முயன்றார்கள்.

இங்கேதான் இரண்டாம் ஆவணம் வருகிறது. 1928-இல் இந்திய உளவியல் ஆய்விதழில் எச். சி. பானர்ஜி என்பவர், காது கேளாதோரின் சைகை மொழி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்கத்தா, டாக்கா, பாரிசால் ஆகிய மூன்று ஊர்களின் பள்ளிகளை நேரில் கண்டு, மாணவர்கள் தமக்குள் வழங்கிய சைகைகளை ஒப்பிட்டு, ஒவ்வொன்றையும் சொற்களால் விவரித்துப் பின்னிணைப்பாகத் தந்தார். அவர் பதிவு செய்த முதன்மையான உண்மை இது: மூன்று பள்ளிகளிலும் ஆசிரியர்கள் சைகையை ஊக்குவிக்கவில்லை, தடுக்கவே முயன்றனர்; இருந்தும் அது வளர்ந்து செழித்திருந்தது.

இதனை விளக்குவது கடினமன்று. காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். வீட்டில் அக்குழந்தைக்குச் சோற்றையும் தண்ணீரையும் குறிக்கும் சில கையசைவுகளே மொழி. விடுதிக்கு வந்தபிறகே தன்னைப் போன்ற பலரை முதன்முறையாகச் சந்திக்கிறது. மூத்தவரிடமிருந்து இளையவருக்கு, உண்ணும் இடத்திலும் உறங்கும் கூடத்திலும் முற்றத்திலும் மொழி கைமாறுகிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்காமல், பிள்ளையிடமிருந்து பிள்ளைக்குப் பரவும் மொழி இது. பள்ளி கொடுக்க நினைத்தது பேச்சு. கொடுக்க நினையாமலே கொடுத்தது ஒருவருக்கொருவர் என்னும் உறவு.

வேறு வழியே இல்லாத காலம் அது என்றும் சொல்வதற்கில்லை. புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் 1897-இல் தொடங்கிய பாளையங்கோட்டைப் பள்ளியில், வழிபாடு பெரும்பாலும் சைகை மொழியிலேயே நடந்ததாக 1906-ஆம் ஆண்டின் மிஷன் குறிப்பு ஒன்று கூறுகிறது. தமிழ் கற்போரும் ஆங்கிலம் கற்போரும் ஒருசேரக் கலந்துகொள்ள அதுவே வாயிலாக இருந்தது. கல்கத்தாவிலேயே மற்றொரு சான்றும் உண்டு. அதே 1897-இல் லால் பிஹாரி ஷா பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கி, பிரெய்ல் எழுத்தை வங்காளத்துக்கு ஏற்ப அமைத்தார். விரலுக்கு உகந்த எழுத்தைப் பார்வையற்ற மாணவருக்குத் தந்த அதே நகரம், கண்ணுக்கு உகந்த மொழியைக் காது கேளாத மாணவரிடமிருந்து விலக்கப் பார்த்தது.

பிற்காலச் செய்திகளை விரைந்து கூறலாம். 1970-களில் வசிஷ்டா, வுட்வர்ட் முதலிய மொழியியலாளர்கள் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களின் சைகைகளை ஒப்பிட்டு, அவை நெருங்கிய உறவுடையவை என்று காட்டினர். 2010-இல் வான்கூவரில் கூடிய பன்னாட்டு மாநாடு மிலான் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது. 2015-இல் தில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்பதன் வரையறையிலேயே சைகை மொழியைச் சேர்த்தது. சொத்தை உடைமையாகக் கொள்ளவும் மரபுரிமையாகப் பெறவும் பிறருக்கு நிகரான உரிமை உண்டு என்று அதன் 13-ஆம் பிரிவு உறுதி செய்தது. 1928-இல் தனித்தனியே கிடந்த மொழியும் பங்கும் ஒரே சட்டத்துக்குள் வந்து சேர 88 ஆண்டுகள் ஆயின.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நலத்திட்டங்களையும் நிறுவனங்களையும் பற்றி எழுதும்போது, ஆண்டறிக்கையில் உள்ள வகுப்பறையோடு நின்றுவிடாமல் விடுதியையும் முற்றத்தையும் தேடுங்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்பதோடு, பெற்றவர்கள் தமக்குள் எதை உருவாக்கிக்கொண்டார்கள் என்றும் கேளுங்கள். ஜீவனாம்சம் ஒருவரை உயிரோடு வைத்திருக்கும். நல்வாழ்வுக்குப் பங்கும் வேண்டும், அந்தப் பங்கைத் தன் மொழியிலேயே கேட்கும் நிலையும் வேண்டும். அந்த முற்றத்துப் பிள்ளைகள் இரண்டாவதை எவர் அனுமதியும் இன்றித் தாமே ஆக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாவதைத் தரத்தான் சட்டத்துக்கு இத்தனை காலம் பிடித்தது.