புதிய மனைகளும் பொதுச் செலவும்

ஓர் ஊர் வளரும்போது நம் கண்ணுக்கு முதலில் தெரிவது வீடுகளே. ஆனால் வீடுகள் மட்டும் ஊராகிவிடமாட்டா. தெரு வேண்டும், குடிநீரும் சாக்கடையும் வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் விளையாட்டு மைதானமும் வேண்டும். இவற்றின் செலவை ஏற்பவர் யார்? நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவரா? முன்னரே அவ்வூரில் வாழ்ந்து வரி செலுத்துவோரா? இக்கேள்வி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நீதிமன்றங்களில் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டாக ஒலித்து வந்திருக்கிறது.

1920-களில் அந்நாட்டில் அளவிறந்த மனைகள் பிரிக்கப்பட்டன. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அவற்றுட் பல விலைபோகாமல் கிடந்தன. அவற்றுக்காகக் கடன்பட்டுத் தெருவும் குழாயும் அமைத்த நகராட்சிகள் தத்தளித்தன. அந்தப் பட்டறிவினால், வசதிகளைத் தாமே அமைத்துத் தருவோருக்கே மனைப்பிரிவுக்கு இசைவு என்னும் விதி பரவிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஏறத்தாழ 13 ஏக்கரைப் பிரித்தோரிடம் சாலைக்கென நிலம் கேட்டது முறையே என்று, 1949-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தெரு அம்மனைகளுக்கு உரியது. பள்ளியோ ஊருக்கெல்லாம் பொது. ஆகவே வழக்கு அங்கே முற்றியது. சிகாகோவை அடுத்த மவுண்ட் பிராஸ்பெக்ட் என்னும் ஊரில் 250 மனைகள் பிரித்தவரிடம், பள்ளிக்கும் மைதானத்துக்குமாக ஏழு ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலம் கேட்கப்பட்டது. பள்ளி நெருக்கடி ஊர் முழுவதும் வளர்ந்ததன் விளைவு. அதை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தலாகாது என்று 1961-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நான்கே ஆண்டுகள் கழித்து, அண்டை மாநிலமான விஸ்கான்சினின் உச்ச நீதிமன்றம் வேறு வழி சென்றது. மெனாமனி பால்ஸ் என்னும் ஊர் மனை ஒன்றுக்கு 200 டாலர் பெற்றதை அது ஏற்றது. பல மனைப்பிரிவுகள் ஒன்றுசேர்ந்து தேவையைப் பெருக்கினால், ஒவ்வொருவரும் பங்கு தருதல் நியாயமே என்பது அதன் கருத்து.

1978-இல் கலிபோர்னிய மக்கள் வாக்களித்துச் சொத்துவரிக்கு வரம்பு கட்டினார்கள். வரி குறைந்த இடத்தில் கட்டணம் புகுந்தது, வழக்குகளும் பெருகின. கேட்கும் பங்குக்கும் கட்டடத்தால் நேரும் தீங்குக்கும் தொடர்பு வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 1987-இல் கூறிற்று. அளவும் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும் என்று 1994-இல் சேர்த்தது. பணமாகக் கேட்பினும் இவ்விதி பொருந்தும் என்று 2013-இல் விரித்தது. கலிபோர்னியாவின் எல்டோராடோ கவுண்டியில் தம் மனையில் ஒரு வீடு அமைக்க முனைந்தவரிடம் சாலைக் கட்டணமாக 23,420 டாலர் பெறப்பட்டது. சட்டமன்றம் போன்ற அவை விதித்த கட்டணமாயினும், அக்காரணத்தால் மட்டும் இச்சோதனைக்குத் தப்பாது என்று 2024 ஏப்ரலில் நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர்.

இதில் மறைந்து நிற்பவர் ஒருவர் உண்டு. விற்பவர் செலுத்தும் கட்டணத்தில் பெரும்பகுதி மனையின் விலையில் ஏறக்கூடும். அதைச் சுமப்பவர் இனிக் குடிவரப்போகும் இளங்குடும்பத்தார். கட்டணம் விதிக்கப்படும் நாளில் அவ்வூரில் அவர்களுக்கு வாக்கில்லை. கட்டணமே வேண்டாமென்றாலோ, முன்பிருந்தோர் தமக்குப் பயன்படாத தெருவுக்கும் வரி செலுத்த நேரும். இவ்விரு சாராருக்கும் இடையே துலாக்கோலைச் சமமாகப் பிடிப்பதே நகராட்சியின் கடமை. நாளை ஊராளப் போகும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.