அருவி வேண்டாம், குளம் போதும்: நாய்களுக்கு நீர்ச் சிகிச்சை வந்த கதை

இந்த எபிசோட் ஒரு நாயோட பின்னங்கால்ல ஆரம்பிக்குது.

மணி, எங்க வீட்டுச் சிப்பிப்பாறை. போன வருஷம் எதையோ துரத்திட்டு வரப்புல தாவினவன், திரும்பி வரும்போது வலது பின்னங்காலைத் தூக்கிட்டே வந்தான். முட்டிக்குள்ள லிகமென்ட் கிழிஞ்சிருந்தது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ஆனா ஆறு வாரம் கழிச்சும் அந்தக் காலை அவன் தரையில ஊனவே இல்லை. தொடை சூம்பிட்டே வந்தது. இப்படியே விட்டா அது வெறுமனே தொங்குற காலா ஆயிடும்னு டாக்டர் சொன்னார். "பிசியோதெரபி கொடுங்க, தண்ணிக்குள்ள நடக்க விடுங்க." யார்கிட்ட கூட்டிட்டுப் போறதுன்னு கேட்டேன். "இப்போதைக்கு நீங்கதான்"னு சிரிச்சார்.

எங்க ஆச்சி ஊர் இலஞ்சி. குற்றாலத்துக்குப் பக்கம். ஊர்ல விஷயம் தெரிஞ்சதும் ஆளாளுக்குச் சொன்ன வைத்தியம் ஒண்ணுதான்: எண்ணெய் தேய்ச்சு அருவியில காட்டு. தப்புன்னு சொல்ல முடியாது. குற்றாலத்துல எண்ணெய் தேய்ச்சு உடம்பைப் பிடிச்சு விட்டு, அருவியில நிக்க வைக்கிறது காலங்காலமா நடக்குற தொழில். கம்பெனி காலத்து வெள்ளைக்கார அதிகாரிகளே உடம்பு தேற இங்க வந்து தங்கியிருக்காங்க. கையும் தண்ணியும் உடம்பைச் சரி பண்ணும்கிறதை இந்த ஊருக்கு யாரும் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டாம். அப்புறம் ஏன் ஒரு நாய்க்கு அதைச் செய்ய ஆள் இல்லை? அந்தக் கேள்விதான் என்னைத் தேட வச்சது.

ஐரோப்பாவுல நவீன நீர்ச் சிகிச்சையைப் பிரபலப்படுத்தினவர் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ். 1799ல் பிறந்த மலைநாட்டு விவசாயி. டாக்டர் பட்டமெல்லாம் கிடையாது. அடிபட்ட மான் ஒண்ணு ஓடைத் தண்ணியில காயத்தை நனைச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்துதான் அவருக்கு இந்த யோசனையே வந்ததுன்னு ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, எனக்குப் பிடிச்சிருக்கு. மிருகத்துக்கிட்ட கத்துக்கிட்டதை மனுஷன் தனக்கு வச்சுக்கிட்டான். திருப்பிக் கொடுக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

திருப்பிக் கொடுத்ததுலயும் முதல் வரிசை பணக்கார மிருகங்களுக்குத்தான். பின்னாடி நம்ம ஊருக்கு வைஸ்ராயா வந்த மவுண்ட்பேட்டன் இருக்காரே, அவர் போலோ பைத்தியம். அவருக்கு அடிபட்டப்போ சார்ல்ஸ் ஸ்ட்ராங்குங்கிற பிசியோதெரபிஸ்ட், மின்சாரத்தால தசையைத் தூண்டிச் சரி பண்ணினார். "இதையே என் குதிரைக்கும் செஞ்சு பாருங்களேன்"னு மவுண்ட்பேட்டன் கேட்டிருக்கார். 1939 வாக்குல நடந்தது இது. ஸ்ட்ராங் செஞ்சு பார்த்தார், பலன் இருந்தது. பின்னாடி குதிரைக் காயங்களைப் பத்திப் புத்தகமே எழுதினார். நாய்கள்லயும் முதல்ல கவனிப்பு கிடைச்சது பந்தயத்துல ஓடுற கிரேஹவுண்டுக்குத்தான். கால் போனா பணம் போகும், அவ்வளவுதான் கணக்கு. நம்ம சிப்பிப்பாறையும் கன்னியும் அதே மாதிரி ஒல்லி உடம்பு, அதே ஓட்டம். ஆனா அதுங்க மேல யாரும் பந்தயப் பணம் கட்டலை. முயல் வேட்டையில கால் போன நாய்க்குத் தோட்டக் காவல்தான் ஓய்வூதியம்னு தாத்தா சொல்வார்.

1962ல் பிரிட்டன் ஒரு சட்ட ஆணை போட்டது. கால்நடை மருத்துவர் பார்த்துச் சொன்னா, அவர் வழிகாட்டுதல்ல வேற ஒருத்தர் மிருகத்துக்குப் பிசியோதெரபி கொடுக்கலாம். பார்க்கச் சின்ன வரிதான். ஆனா ஒரு தொழிலுக்கே அது கதவு. 1980களின் நடுவுல, மிருகங்களுக்குச் சிகிச்சை தர்ற பிசியோதெரபிஸ்டுகள் அங்க தனிச் சங்கமே வச்சுட்டாங்க.

என்னைப் பொறுத்தவரை உண்மையான திருப்பம் அதுகூட இல்லை. பிசியோதெரபிஸ்டுக்குத் தசை தெரியும், ஆனா அவர் படிச்சது ரெண்டு கால் உடம்பு. நாய் தன் எடையில சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்லதான் தாங்குது. பின்னங்கால் வலிச்சா இன்னும் முன்னாடி தள்ளிக்கிட்டு, எதுவுமே ஆகாத மாதிரி நடிக்கும். கால்நடை மருத்துவருக்கு நாய் தெரியும், ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்குறதை அவருக்கு விரிவா யாரும் சொல்லித் தரலை. இந்த ரெண்டு பேரையும் ஒரே வகுப்புல உட்கார வச்சதுதான் திருப்பம். 1999ல் அமெரிக்காவோட ஓரிகன் மாநிலத்துல இந்தத் துறைக்கான முதல் சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. டென்னசி பல்கலைக்கழகத்துல டாரில் மில்லிஸ்ங்கிற கால்நடை அறுவை மருத்துவரும், டேவிட் லெவின்ங்கிற பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து சான்றிதழ்ப் படிப்பை வளர்த்தாங்க. 2002ல் ஜேனட் வான் டைக் தனியா ஒரு பயிற்சி நிறுவனமே ஆரம்பிச்சார். கத்துக்கிட்டவங்க ஊருக்குப் போய் அடுத்தவங்களுக்குக் கத்துக் கொடுத்தாங்க.

அவங்க தந்ததுல எனக்குப் பெருசாத் தெரிஞ்சது அளவு. லெவின், மில்லிஸ் குழுவோட ஆய்வு ஒண்ணு 2010ல் வந்தது. நாயைத் தண்ணிக்குள்ள நிக்க வச்சு, கால்ல இறங்குற எடையை அளந்தாங்க. கணுக்கால் அளவு தண்ணின்னா எடையில 91 சதவீதம் இன்னும் கால்லதான். முட்டி அளவுன்னா 85. இடுப்பு மூட்டு வரைக்கும் தண்ணி ஏறினா? 38. முட்டிக்கும் இடுப்புக்கும் நடுவுல இருக்குற அந்த ஒரு ஜாண்லதான் அத்தனை வித்தியாசமும். அருவி ஏன் உதவாதுன்னும் இதுல புரிஞ்சது. அருவி மேலேர்ந்து அடிக்கும். மணிக்கு வேண்டியது கீழேர்ந்து தாங்குற தண்ணி, அசையாத தண்ணி. இலஞ்சின்னாலே பழைய தமிழ்ல குளம்னு ஒரு அர்த்தம் இருக்குன்னு அகராதியில பார்த்தப்போ சிரிப்பு வந்துடுச்சு.

நம்ம பக்கம் கதை எங்க நிக்குது? வேப்பேரியில கால்நடை மருத்துவக் கல்லூரி 1903லயே வந்தாச்சு. 1936ல் இந்தியாவுலயே முதல் கால்நடைப் பட்டப்படிப்பும் அங்கதான். திருநெல்வேலி ராமையன்பட்டிக் கல்லூரி 2012ல் வந்தது. படிப்புல நாம பின்தங்கினவங்க இல்லை. ஆனா 1984ம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் பேசுறது மருத்துவர்களைப் பத்தி. பிசியோதெரபிஸ்டுகளைச் சேர்த்துக்கிட்ட 2021 சட்டம் பேசுறது மனுஷங்களைப் பத்தி. நாய்க்குப் பிசியோதெரபி கொடுக்குறவர் இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறார். அந்த 1962 ஆணை மாதிரி ஒரு வரி இங்கயும் வந்தா, பிசியோ படிச்ச எத்தனையோ பிள்ளைங்களுக்கு அது வேலை. எனக்கு இதுல கோபமே உண்டு.

மணி விஷயத்துக்கு வர்றேன். டாக்டர் தையலைப் பார்த்து, சரின்னு சொன்ன பிறகுதான் இறக்கினோம். ஆச்சி ஒரு குச்சியை அவன் இடுப்புக்கு நேரா பிடிச்சு, சாக்பீஸால கோடு போட்டாங்க. அந்தக் கோடு நனையுற ஆழம் தோட்டத் தொட்டியில இருந்தது. குளிர்ந்த தண்ணி தசையை இறுக்கிடும்னு, வெயில் ஏறி வெதுவெதுப்பான பிறகு பதினோரு மணிக்கு. முதல் நாள் ரெண்டே நிமிஷம், வயித்துக்கு அடியில துண்டு கொடுத்துத் தாங்கி. நீந்த விடலை, நீந்த விட்டா முன்னங்காலாலயே சமாளிச்சுடுவான்.

ஒன்பதாவது நாள் ஆச்சிதான் முதல்ல பார்த்தாங்க. "ஏலே, ஊனுதான் பாரு." தண்ணிக்கடியில நாலு பாதமும் தரையில இருந்தது.